பரவாயில்லை என்றால் எத்தனை மதிப்பெண்?

இளநிலை உளவியல் மாணவர்கள் கடைசிப் பருவத்தில் சமர்ப்பிக்கிற ஆய்வேட்டை நீங்கள் யாராவது படித்திருக்கிறீர்களா? வாய்ப்பில்லை. பல இடங்களில் வழிகாட்டியே முழுக்கப் படிப்பதில்லை. கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து, உள்ளே பெற்றோருக்கு நன்றி, துறைத்தலைவருக்கு நன்றி, எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி. தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான்: கல்லூரி மாணவர்களிடையே தன்மதிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பு. தன்மதிப்பை எடுத்துவிட்டு உணர்வு நுண்ணறிவு போடலாம். மன அழுத்தத்தை எடுத்துவிட்டுக் கைபேசி மோகம் போடலாம். கூகுள் ஃபார்ம் ஒன்று விடுதி வாட்ஸப் குழுவில் போகும். ராத்திரிக்குள் நூறு பேர் நிரப்பிவிடுவார்கள், அதில் பாதிப் பேர் கேள்வியைப் படிக்காமலே. பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ப்ராஜெக்ட் சென்டர்' என்று போர்டு வைத்திருப்பவர் எஸ்பிஎஸ்எஸ் அட்டவணை போட்டு, பைண்டிங்கும் சேர்த்து ஒரே ரேட்டில் முடித்துத் தருவார்.

'யுஜி பிள்ளைங்கதானே, ஒரு பயிற்சிக்குச் செய்யுறது, அதுல போய் உண்மையைத் தேடணுமா?' இதுதான் எல்லோரும் சொல்கிற சமாதானம். இந்தக் கட்டுரை அந்தச் சமாதானத்துக்கு எதிரானது. பொய் சொல்லப் பழக்குவதும் பயிற்சிதான். இருபது வயதில் அந்தப் பயிற்சி கிடைத்தவர்கள்தான் பிறகு முதுநிலையில், முனைவர் பட்டத்தில், பள்ளிக்கூடக் கவுன்சிலிங் அறையில் உட்காருகிறார்கள்.

நான் உளவியல் படித்தவன் இல்லை. பொறியியல் முடித்துவிட்டு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் அக்கா மகள் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் படித்தாள். கல்லூரியின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை பெரிதாக மாறாது. கடைசிப் பருவத்தில் அவளுக்குக் கணக்குப் பார்த்துத் தரும் வேலை எனக்கு வந்தது. அவளோடு நாலைந்து ஊருக்குப் போகும் வேலையும் சேர்ந்து வந்தது.

அவள் கேட்ட கேள்வி எளிமையானது. கல்லணைக்குப் பக்கத்தில், தண்ணீர் முதலில் வருகிற திருக்காட்டுப்பள்ளி, பூதலூர் பக்கத்து விவசாயக் கூலிப் பெண்களுக்கும், புது ஆற்றின் கடைமடையில் பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கத்துப் பெண்களுக்கும் மன அழுத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா? தண்ணீர் முன்னால் வருவதும் பின்னால் வருவதும் மனசில் தெரியுமா? டெல்டாவில் பிறந்த பெண்ணுக்கு இயல்பாக வரக்கூடிய கேள்வி. துறையில் கிடைத்த பதில்: 'அதெல்லாம் எதுக்கும்மா, ஹாஸ்டல் பிள்ளைங்களையே எடுத்துக்க, ஒரே நாள்ல முடிஞ்சுரும்.'

இந்த 'ஹாஸ்டல் பிள்ளைங்க' வியாதி நம்முடையது மட்டுமில்லை. அமெரிக்க உளவியல் கழகத்தின் முக்கியமான ஆறு இதழ்களை எடுத்துப் பார்த்து ஜெஃப்ரி ஆர்னெட் 2008-ல் ஒரு கணக்குச் சொன்னார்: ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்தியத் தொழில்வள நாட்டுக்காரர்கள். அந்த நாடுகளில் வாழ்வது உலக மக்கள்தொகையில் 12 சதவீதம். 2010-ல் ஹென்ரிக், ஹெய்ன், நோரன்சயான் மூவரும் இதை விரித்து எழுதி, இப்படிக் கல்லூரி மாணவர்களை வைத்து 'மனித மனம்' என்று பொதுவாகப் பேசுவது எவ்வளவு ஆபத்து என்று காட்டினார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தக் கட்டுரையைப் பாடமாக நடத்துகிறார்கள், தேர்வில் ஐந்து மார்க் கேள்வியாகவும் கேட்கிறார்கள். எழுதி முடித்த பிள்ளைகள் நேரே விடுதிக்குப் போய் ஃபார்மை அனுப்புகிறார்கள்.

தலைப்புச் சண்டையில் அவள் ஜெயித்தாள். அடுத்தது அளவுகோல். ஷெல்டன் கோஹனும் சகாக்களும் 1983-ல் அமெரிக்காவில் உருவாக்கிய மன அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். உலகம் முழுக்கப் பயன்படுகிற நல்ல அளவுகோல்தான், குறை சொல்ல மாட்டேன். கடந்த ஒரு மாதத்தில் இப்படி இப்படி எத்தனை தடவை தோன்றியது என்று கேட்டு, 'ஒருபோதும் இல்லை' முதல் 'மிக அடிக்கடி' வரை 0 முதல் 4 வரை எண் போட வேண்டும். பத்தில் நான்கு கேள்வி நல்லவிதமானவை. அவற்றைக் கூட்டும்போது தலைகீழாக்க வேண்டும்.

தமிழில் எப்படிக் கேட்பது? 'நீயே மொழிபெயர்த்துக்க' என்றார்கள். 1970-லேயே ரிச்சர்ட் பிரிஸ்லின், ஒருவர் மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மூல மொழிக்குக் கொண்டுவந்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்று முறையை எழுதி வைத்துவிட்டார். அதைச் செய்ய இரண்டு தோழிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும், இவள் செய்தாள். ஆனால் எந்தத் துறையிலும் அது கட்டாயமாக இருப்பதாக நான் பார்க்கவில்லை. அச்சில் இருக்கிற தமிழ் வடிவங்கள் சிலவற்றையும் பார்த்தோம். 'மனவெழுச்சி', 'இடர்ப்பாடு', 'எதிர்கொள்ளும் திறன்' என்றெல்லாம் இருக்கிறது. களை பறித்துவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் 'உங்கள் மனவெழுச்சி எப்படி?' என்று கேட்டால், டாக்டர் அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொள்வார்.

மொழிபெயர்ப்பைச் சரியாகச் செய்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. இங்கேதான் எனக்குச் சுவாரசியம் தட்டியது. தமிழில் 'தூக்கம் வரலையா?' என்று கேட்டால் 'ஆமா' என்பது வரவில்லை என்று பொருள்படும். 'இல்ல' என்றால்? சிலருக்கு 'இல்ல, வரல', சிலருக்கு 'இல்லயே, நல்லா வருதே'. கேட்கிறவள் முகத்தைப் பார்த்தால் புரியும், ஃபார்மில் புள்ளி வைத்தால் புரியாது. 'அடிக்கடி', 'மிக அடிக்கடி' இரண்டுக்கும் உள்ள இடைவெளியை யாரும் மதிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதில் வந்துகொண்டே இருந்தது: 'பரவால்ல'.

பரவாயில்லை என்றால் எத்தனை? நல்லா இருக்கேன் என்பதற்கும் பரவால்ல. சொல்லி என்ன ஆகப்போகுது என்பதற்கும் பரவால்ல. போன வருஷத்துக்கு இது தேவலை என்பதற்கும், இதைப் பத்தி உன்கிட்டப் பேச விருப்பமில்லை, எழுந்து போம்மா என்பதற்கும் அதே பரவால்ல. ஒரே சொல்லில் 0-வும் 4-ம் இருக்கிறது. வகுப்பில் கொடுத்த அறிவுரை: 'நடுவுல 2 போட்டுரு.' அவள் போடவில்லை. பரவால்ல என்று வந்த பதில்களை ஓரத்தில் தனியாகக் குறித்துக்கொண்டு, மறுபடி வேறு விதமாகக் கேட்டாள். நேரம் இரட்டிப்பானது.

இன்னொரு கேள்வி, முக்கியமான விஷயங்கள் தன் பிடியில் இல்லை என்று தோன்றியதா என்கிற பொருளில் வரும். கடைமடைப் பெண் ஒருவர் சிரித்தார். 'என்னா கேக்குறிய? எதுதான் நம்ம கையில இருக்கு? தண்ணி கர்நாடகாக்காரன் கையில, அறுப்பு மிஷின்காரன் கையில, தவணை குழுக்காரன் கையில.' அளவுகோலின்படி இது அதிகபட்ச மதிப்பெண், மன அழுத்தத்தின் அடையாளம். ஆனால் அந்த அம்மாள் சொன்னது மனசின் நிலையை இல்லை, நாட்டு நடப்பை. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கவில்லை. தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தன் பிடியில் இல்லாததை இல்லை என்று சொல்கிறவருக்கு அழுத்தம் என்று பெயர் வைப்பதா, தெளிவு என்று பெயர் வைப்பதா? இந்தக் கேள்வி ஆய்வேட்டில் வர வேண்டும். அவள் எழுதினாள். 'இது லிட்ரேச்சர் மாதிரி இருக்கு, எடுத்துரு' என்றார்கள்.

ஒப்புதல் படிவம் தனிக் கதை. ஆங்கிலத்தில் ஒரு பக்கம், கீழே கையெழுத்து. கையெழுத்து என்றதும் பெண்கள் எழுந்துவிட்டார்கள். 'குழுவுல ஒரு தடவை போட்ட கையெழுத்துக்கே இன்னும் கட்டிக்கிட்டு இருக்கோம், இது வேறயா?' ஒருவருடைய உரிமையைக் காப்பாற்றத்தான் அந்தத் தாள். அதைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்கள்.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. எங்கள் குடும்பம் பெரிய மிராசு இல்லை, சில மா நிலம் வைத்திருந்த குடும்பம். அந்தச் சில மா போதும். காலனிக்குள் அவள் போய் உட்கார்ந்தால் வயசான பெண்கள் எழுந்து நின்றார்கள். 'நீங்க எந்தத் தெருப் பொண்ணு பாப்பா?' என்று முதலில் விசாரித்தார்கள். அதன் பிறகு வருகிற 'எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்' என்ற பதிலுக்கு எந்த எண்ணும் கிடையாது. வேலை கொடுக்கிற தெருவிலிருந்து வந்தவளிடம் வேலை செய்கிற தெரு என்ன சொல்லும்? அதே கேள்வியை அந்தத் தெருவைச் சேர்ந்த அவளுடைய வகுப்புத் தோழி கேட்டபோது பதில்களின் நீளமே வேறாக இருந்தது. எந்த ஆய்வேட்டிலாவது 'கேட்டவர் யார், எந்தத் தெரு' என்று ஒரு வரி பார்த்திருக்கிறீர்களா? வயது, பாலினம், குடும்ப வருமானம் எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு, பதில் சொன்னவர்களைப் பற்றி மட்டும்.

தமிழ்நாட்டு விவசாயிகளை வைத்து நடந்த மிகப் புகழ்பெற்ற உளவியல் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவ் நால்வரும் 2013-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களின் 464 கரும்பு விவசாயிகள். அதே ஆளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். அறுவடைக்கு முன் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 சதவீதம். சிந்தனைத் திறன் சோதனைகளில் அதே விவசாயி அறுவடைக்கு முன் மோசமாகவும் பின்னால் நன்றாகவும் செய்தார். கையில் காசில்லாதபோது மனசின் பெரும்பகுதியைக் கவலையே ஆக்கிரமித்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு.

இந்த ஆய்வை நான் மதிப்பது முடிவுக்காக மட்டும் இல்லை. ஆலைகள் வெட்டு உத்தரவை முன்பின்னாகத் தருவதால் அறுவடை மாதங்கள் சிதறிக் கிடக்கும். அதனால் மழையோ பண்டிகையோ காரணம் என்று சொல்லிவிட முடியாது. இந்த உள்ளூர் விவரத்தை அவர்கள் கவனித்தார்கள். இரண்டாம் தடவை எழுதுவதால் பழகிப்போய் மதிப்பெண் கூடியிருக்கலாமே என்ற சந்தேகத்துக்கு, 100 விவசாயிகளைத் தனியே ஒதுக்கி அறுவடைக்குப் பிறகே முதல் தடவையாகச் சோதித்தார்கள். இவ்வளவு செய்தும் எதிர்ப்பு வந்தது. விக்கர்ட்ஸும் ஸ்கோல்டனும் அதே வருஷம் அதே இதழில் கேள்வி எழுப்பினார்கள். 2016-ல் கார்வாலோ, மையர், வாங் மூவரும் அமெரிக்க ஏழைக் குடும்பங்களைச் சம்பளத்துக்கு முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சிந்தனைத் திறனில் வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். அறிவியல் என்பது இந்தச் சண்டைதான். பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் இருந்துகொண்டு விழுப்புரம் கரும்புக் கொல்லையில் இதைச் செய்ய முடிந்தது. தஞ்சாவூரில் இருந்துகொண்டு பூதலூர் போவதற்கு 'எதுக்கும்மா' என்கிறோம்.

சரி, அவளுடைய முடிவு என்ன? தலைமடைக்கும் கடைமடைக்கும் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் வரவில்லை. இரண்டு பக்கமும் சுமார் முப்பது பேர். இந்த எண்ணிக்கை பற்றி ஒரு கணக்கு: அரைத் திட்டவிலக்கம் அளவுக்கு உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால், அதைப் பத்துக்கு எட்டுத் தடவை பிடிக்க ஒரு பக்கத்துக்கு 64 பேர் வேண்டும். முப்பது முப்பதில் அது கண்ணில் படுவது பாதிக்குப் பாதிதான், காசு சுண்டிப் பார்ப்பது போல. வித்தியாசம் இன்னும் சிறியது என்றால் ஒரு பக்கத்துக்கு நானூறு பேர் பக்கம் போக வேண்டியிருக்கும். நான் வேலை செய்கிற துறையில் ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவதற்கே லட்சக்கணக்கான பேரிடம் சோதித்துப் பார்ப்பார்கள். மனுஷ மனசுக்கு ஒரு விடுதித் தளம் போதும் என்று நினைக்கிறோம். இதை அவள் களத்துக்குப் போகும் முன்பே முறையியல் பகுதியில் எழுதி வைத்திருந்தாள்: வித்தியாசம் தெரியாவிட்டால், வித்தியாசம் இல்லை என்று பொருளில்லை.

துறையில் இடி விழுந்தது போல ஆகிவிட்டது. 'சிக்னிஃபிகன்ட் வரலைன்னா எப்படி? எக்ஸ்டர்னல் வந்தா என்ன சொல்றது?' பிறகு யோசனைகள் வரிசையாக வந்தன. வயசு வாரியாகப் பிரித்துப் பார். கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரித்துப் பார். ஒத்து வராத நாலு பேரைத் தூக்கிவிடு.

பிரித்துப் பார்த்தால் நிச்சயம் ஏதாவது வரும். தரவில் ஒன்று எங்கள் கண்ணிலும் பட்டது: குழுக் கடன் தவணைக்கு முந்தின நாள் பேசிய பெண்களின் மதிப்பெண் கூடுதலாகத் தெரிந்தது. எனக்கே சபலம் வந்தது, எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு! 'அதையே தலைப்பாக்கிரு, முதல்லேருந்து அதைத்தான் தேடினேன்னு எழுதிரு' என்று யோசனை வந்தது. இதற்கு நார்பர்ட் கெர் 1998-லேயே பெயர் வைத்துக் கண்டித்துவிட்டார்: முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் செய்வது. அம்பை எய்துவிட்டு, அது குத்திய இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது. 2011-ல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் வழக்கமாக எல்லோரும் எடுத்துக்கொள்கிற இந்தச் சின்னச் சின்னச் சலுகைகளை மட்டும் பயன்படுத்தி, பீட்டில்ஸ் பாட்டு ஒன்றைக் கேட்டவர்களின் வயது ஒன்றரை வருஷம் குறைந்துவிட்டது என்று புள்ளியியல்படி நிரூபித்துக் காட்டினார்கள். கேலிக்காகத்தான். 2015-ல் வெளிவந்த பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, 36 சதவீதத்தில்தான் பழைய முடிவு மறுபடி தேறியது. உலகத் தரமான இதழ்களின் கதையே இது. நம்முடைய தங்க எழுத்துப் புத்தகங்களைத் திரும்பச் செய்து பார்க்க யாருக்கும் தோன்றாததால் நாம் தப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

அவள் தவணை விஷயத்தைக் கடைசி அத்தியாயத்தில் இரண்டு பத்தியாக, 'தேடிப் போகாமல் கண்ணில் பட்டது, அடுத்தவர் சோதித்துப் பார்க்க வேண்டும்' என்று எழுதினாள். மதிப்பெண் குறைந்தது. விடுதி ஃபார்ம் போட்ட பிள்ளைகளுக்கு அவளைவிடக் கூடுதல். வாய்மொழித் தேர்வில் கேட்ட முக்கியமான கேள்வி, பக்க எண் ஏன் கீழே நடுவில் இல்லை என்பது.

மாணவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-ல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கேள்விப் பட்டியலோடு ஊர்களுக்கு அனுப்பினார். அதில் பழைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சியும் ஒன்று. இன்று நாகப்பட்டினம் மாவட்டம். எத்தனை ஏர், எத்தனை மாடு, யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி. 1918-ல் புத்தகமாக வந்தது. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980-களில் எஸ். குகன் பாலக்குறிச்சிக்குப் போனார். 2019-ல் மறுபடி, இந்தத் தடவை 44 பேர் எரிக்கப்பட்ட வெண்மணியோடு சேர்த்து. நூறு வருஷத் தொடர்ச்சி, தொடங்கி வைத்தவர்கள் மாணவர்கள். அந்த மாணவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால் இது நடக்கவில்லை. கேட்ட கேள்வி ஒன்றாக இருந்தது, எழுதியதை அழிக்காமல் வைத்திருந்தார்கள். சென்னைப் பல்கலையில் உளவியல் துறை 1943-லிருந்து இருக்கிறது. பாலக்குறிச்சியில் 1937-ல் எத்தனை மாடு இருந்தது என்று நமக்குத் தெரியும். அந்த ஊர்ப் பெண்களுக்கு எந்த வருஷம் ராத்திரி தூக்கம் வந்தது என்று தெரியாது.

தெரியாததால் என்ன நஷ்டம்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரி 10-ம் தேதி தமிழ்நாட்டின் அத்தனை மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசே அறிவித்தது. டெல்டாவில் காய்ந்த பயிரைப் பார்த்துச் செத்தவர்களின் செய்தி தினம் வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் அதே அரசு உச்ச நீதிமன்றத்தில், வறட்சியால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, காரணங்கள் சொந்தக் காரணங்கள் என்று சொன்னது. 'சொந்தக் காரணம்' என்பது உளவியல் பற்றிய கூற்று. செத்தவர் மனசுக்குள் என்ன இருந்தது என்று ஒரு பிரமாணப் பத்திரம் சொல்கிறது. அதை மறுக்க ஒரு எண், ஒரு வரைபடம், வருஷா வருஷம் எடுத்த ஒரு அளவு நம் எந்தக் கல்லூரி அலமாரியிலும் இல்லை. அலமாரி முழுக்க ரெக்சின் அட்டைதான்.

இந்தப் பிள்ளைகளை வைத்தே இதைச் செய்யலாம். வெளிநாடுகளில் இளநிலை மாணவர்கள் பல கல்லூரிகளிலிருந்து ஒரே ஆய்வைத் திரும்பச் செய்து தரவைச் சேர்த்துவைக்கும் ஏற்பாடு பத்து வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. டெல்டாவில் உளவியல் சொல்லித்தருகிற ஒரு நாலு கல்லூரி சேர்ந்தால் போதும். தமிழில் சரியாகச் செய்த ஒரே கேள்வித்தாள், பரவால்லவுக்குத் தனிக் கட்டம், கேட்டவர் எந்தத் தெரு என்று ஒரு கட்டம். மேட்டூர் திறப்பதற்கு முன் ஒரு சுற்று, சம்பா அறுவடை முடிந்து ஒரு சுற்று. தவணைக்கு முந்தின நாளா இல்லையா என்பதை இந்தத் தடவை முதலிலேயே எழுதி வைத்துவிட்டுப் போகலாம். ஒரு பிள்ளைக்குப் பத்துப் பெண்கள் என்றால், நாற்பது பிள்ளைகளில் நானூறு பேர் ஆகிவிடும். கணக்குப் போட எஸ்பிஎஸ்எஸ் வேண்டாம், 'ஆர்' இலவசம். ஒரு சனிக்கிழமை வந்து சொல்லித்தர நான் தயார். செலவு என்று பார்த்தால் ஜெராக்ஸும் டீயும். பஸ்ஸுக்குக்கூட இல்லை, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.